சிவப்புப் பட்டை

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி 2008ல் இன்டர்நெட்டில் கடை திறந்தபோது, வெளிநாட்டிலிருந்து வரும் மெயில்களுக்குப் பதில் எழுத ஜெனிஃபாவை எடுத்தார்கள். பி.காம் முடித்தவள், இங்கிலீஷ் நன்றாக எழுதுவாள். மேனேஜர் காசிநாதன் முதல் நாளே அவளுக்கு ஜென்னி என்று பேர் வைத்தார். யாராவது ஷூவைத் திருப்பி அனுப்பக் கேட்டால் எப்படிச் சமாளிப்பது என்றும் சொல்லிக்கொடுத்தார். முதலில் போட்டோ கேட்க வேண்டும். வந்ததும், சரியாகத் தெரியவில்லை, வேறு அனுப்புங்கள் என்று எழுத வேண்டும். அதற்குள் திருப்பி அனுப்புவதற்கான இரண்டு வாரம் ஓடிவிடும். கெடு தாண்டிவிட்டது, மன்னிக்கவும் என்று முடித்துவிடலாம்.

ஜெனிஃபா அப்படியே எழுதினாள். ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் அந்த மெயில்கள் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பாள். சர்ச்சில் எல்லோரும் பாடும்போது, இன்றைக்கு யாருக்குக் கெடு முடிகிறது என்று யோசித்துக்கொண்டு நிற்பாள்.

ஒரு நாள் லண்டனிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். முதல் மழையிலேயே அடிப்பாகம் பிரிந்துவிட்டதாம். கடைகளைப் பற்றி எச்சரிக்கும் ஒரு சின்ன புரோகிராமின் பேரைச் சொல்லி, அதை உன் பிரவுசரில் போட்டுப் பார், உங்கள் கடையைப் பற்றி நாங்கள் நிறையப் பேர் எழுதியிருக்கிறோம் என்று முடித்திருந்தாள்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் எதையும் ஏற்ற முடியாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பஜாரிலிருந்த தில்ஷாத் அக்காவின் பிரவுசிங் சென்டருக்கு ஓடினாள். புரோகிராமை இறக்கிப் போட்டுவிட்டு, கம்பெனியின் கடையைத் திறந்தாள். பக்கத்தின் மேலே குறுக்காக ஒரு சிவப்புப் பட்டை. 'இந்தக் கடை வேண்டுமென்றே நாளைக் கடத்தும். வாங்குமுன் யோசியுங்கள்.' அதை அழுத்தினால் புகார்கள். ஒவ்வொன்றிலும் அவள் எழுதிய வரிகள், ஜென்னி என்ற பேரோடு.

பின்னால் வந்து நின்ற தில்ஷாத், யார் அந்த ஜென்னி என்று கேட்டாள். தெரியாது என்றாள் ஜெனிஃபா. பிறகு வேறு வேறு கடைகளைத் திறந்து பார்த்தாள். இன்னொரு சிவப்பு கண்ணில் பட்டால் தேவலை என்றிருந்தது. இரண்டு மூன்று பட்டன. மனசு ஆறவில்லை.

காசிநாதனிடம் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. ஆம்பூரிலிருந்து எழுதினால் கண்டுபிடித்துவிடுவார்கள், வேலூருக்குப் போய், ஷூ வாங்கினவர்கள் மாதிரி அந்தப் புரோகிராமில் நாலு வார்த்தை நல்லதாக எழுதிவிட்டு வா என்றார். பட்டை தானாகப் பச்சையாகிவிடுமாம்.

பஸ் பிடித்துப் போனாள். ஒரு சென்டரில் உட்கார்ந்து, 'ரொம்ப சௌகரியமான ஷூ' என்று ஒன்று எழுதினாள். 'பொருளைத் திருப்பிக் கேட்டீர்களா? என்ன பதில் வந்தது?' என்ற கட்டத்தைக் காலியாக விட்டாள். இன்னொன்று எழுதப் போனபோதும் அதே கேள்வி வந்து நின்றது. கை ஓடவில்லை. எழுந்து பஸ் ஸ்டாண்டு வரை நடந்தாள். திரும்பி சென்டர் வாசல் வரை வந்தாள். மறுபடி நடந்தாள். கடைசியில் ஆம்பூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

மறுநாள், கெடு முடியாமல் காத்திருந்த எல்லோருக்கும் பதில் போட்டாள். ஷூவை அனுப்புங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறோம். கீழே ஜெனிஃபா என்று தன் பேரையே போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அதன் பிறகு கேட்டில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

பெட்டிகள் வர ஆரம்பித்ததும் காசிநாதன் கூப்பிட்டார்.

"யாரைக் கேட்டு எழுதின?"

"யாரையும் கேக்கல, சார்."

"முதலாளிக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"நான்தான் எழுதினேன்னு சொல்லுங்க, சார். என்னால இனிமே ஜென்னியா இருக்க முடியாது."

கம்பெனி மெயிலில் போன வாக்கு. பணத்தைத் திருப்பித் தந்தே ஆக வேண்டியிருந்தது. ஜெனிஃபாவை வேலையை விட்டு நிறுத்தாமல் பேக்கிங்கில் போட்டார்கள். நாள் முழுக்க நின்றபடி வேலை. கால் கடுத்தது. ஆனால் சாப்பாடு இறங்கியது.

சில மாதம் கழித்து, பெட்டிகளின் மேல் வேறு பேர் அச்சாகி வந்தது. உள்ளே அதே ஷூதான். பழைய பேர் ஒரே பேஜாராகிவிட்டது, அதனால் கடைக்குப் புதுப் பேர் வைத்துவிட்டார்கள் என்றார் சூப்பர்வைசர். மெயில் எழுத வந்திருந்த புதுப் பெண் பொன்மலரை ஜெனிஃபா தேடிப் போய் விசாரித்தாள். இப்போதும் முதலில் போட்டோதான் கேட்கச் சொல்கிறார்களாம்.

மதியம் தில்ஷாத்தின் சென்டரில் உட்கார்ந்து புதுப் பேரைத் தட்டினாள். பட்டை எதுவும் வரவில்லை. பக்கம் பளிச்சென்று இருந்தது. புரோகிராமில் புகார் எழுதும் இடத்தைத் திறந்து, பழைய பேரையும் புதுப் பேரையும் எழுதி, இரண்டும் ஒரே கடை என்றாள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டது அது.

நாற்காலியில் அப்படியும் இப்படியும் அசைந்தாள். வாசலைப் பார்த்தாள். பிறகு, 'நான் அங்கே வேலை செய்கிறேன்' என்று தட்டி அனுப்பிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கம்பெனிக்கு ஓடினாள்.