பதினோரு மணி செக்-அவுட்

மலைப்பாதையின் அடிவாரத்தில் இருக்கும் ஆறு காட்டேஜ்களில் தங்கிவிட்டுப் போகிறவர்களுக்கு, ஊர் போய்ச் சேர்வதற்குள் அங்கே தங்கியதே மறந்துவிடும். வெந்நீர் காலை எட்டு மணி வரைதான், நாய்களுக்கு அனுமதி இல்லை, பதினோரு மணிக்குச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்பதைப்போல இதுவும் அந்த இடத்தின் நடைமுறைகளில் ஒன்று. அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடவில்லை, அவ்வளவுதான். பஸ் நிலையத்திலிருந்து விருந்தினர்களை ஏற்றிவரும் ஜீப்காரர்தான் இதை முதலில் கண்டுபிடித்தார். கன்னத்தில் மச்சமுள்ள ஒரு வங்கி மேலாளர் ஒன்பது வருடம் விடாமல் வந்தார். ஒன்பது வருடமும் ஏழாவது வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி, "அடேங்கப்பா, இப்படி ஒரு எடம் இருக்குன்னு எங்கிட்ட யாருமே சொல்லலையே" என்று வாயைப் பிளந்தார். முதல் மூன்று வருடம் ஜீப்காரர் அவரை விசித்திரமாகப் பார்த்தார். அதற்குப் பிறகு, கேட்பதற்கு முன்பே ஏழாவது வளைவில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

காரணம் காட்டேஜ்காரம்மாவின் கை. அந்த அம்மா கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக இருந்தவர். ஒரு நோயாளி இறந்துபோன கட்டிலில் அடுத்த நோயாளியை அரைமணி நேரத்துக்குள் படுக்கவைக்க வேண்டும். அங்கே சற்றுமுன் ஒருவர் கிடந்தார் என்பது புதிதாக வருகிறவருக்குத் துளியும் தெரியக் கூடாது. அந்தப் பயிற்சியை அவர் மலையடிவாரத்துக்குக் கொண்டுவந்தார். கூரையில் தொடங்கிக் கீழே வருவார். மெத்தையைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடுவார். தலையணையின் பள்ளம் நிரம்பும்வரை அடிப்பார். குளியலறைச் சல்லடையில் சிக்கிய முடியைக் கொண்டை ஊசியால் இழுத்தெடுப்பார். மேஜைமேலிருக்கும் குறிப்புத்தாளில் யாராவது எழுதியிருந்தால், எழுத்து அடியில் பதிந்திருக்கும் என்று கூடவே மூன்று தாள்களைக் கிழித்துவிடுவார். கடைசியில் தன் காலடியையும் துடைத்தபடி பின்பக்கமாக நகர்ந்து வாசலுக்கு வந்து, கதவின் கைப்பிடியை வெளியிலிருந்து ஒரு துடைப்பு. ஆறு காட்டேஜையும் அவர் ஒருவரே செய்தார், வேறு யாருடைய வேலையும் அவருக்குப் பிடிக்காது.

இப்படித் துடைத்துத் துடைத்து, மூன்றாவது சீசனிலோ நான்காவது சீசனிலோ, துடைப்பு அறையைத் தாண்டிவிட்டது. ஒருவர் மறந்துவிட்டுப் போன கோட்டைத் திருப்பி அனுப்பலாம் என்று போன் செய்தால், "நான் அந்தப் பக்கம் வந்ததே இல்லைங்க, வேற யாரோடதோ" என்றார். பிறகு இதுவே வழக்கமாயிற்று. சேர்ந்துபோன சார்ஜர்களும் மூக்குக்கண்ணாடிகளும் பதினோரு கைத்தடிகளும் கொட்டகையில் கிடந்தன. ஒரு பல்செட்கூட உண்டு. அதன் உரிமையாளர் தன் பல் தன் வாயில்தான் இருப்பதாகப் போனில் சூடம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தார். பேச்சு மட்டும் குழறியது. காட்டேஜ்காரருக்கு இதில் வருத்தமே இல்லை. பழைய விருந்தினர் என்று யாரும் சலுகை கேட்பதில்லை, போன தடவை குழாய் ஒழுகியதே என்று யாரும் குத்திக்காட்டுவதில்லை. அவர் செய்ததெல்லாம் ஒன்றுதான்: சாவியைத் திருப்பி வாங்கும்போதே ரிவ்யூவையும் நின்று எழுதி வாங்கிவிடுவார். எல்லோரும் ஐந்து நட்சத்திரம் போட்டு, இதற்குமுன் ஒருவருமே தங்காத அறைபோல இருந்தது என்று எழுதினார்கள். அதைப் படித்துக் காட்டும்போதெல்லாம் அந்த அம்மா முகம் மலர்வார். அந்தப் பெருமைக்கு அவர் பிறகு கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல.

அவர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது நான்காம் எண் வீடு. பால்கனியில் நின்றால் உச்சிப்பாறையும் அருவியும் ஒரே பார்வையில் தெரியும். சீசன் நான்கு மாதம்தானே என்று சொல்லி, இரண்டாம் வருடமே காட்டேஜ்காரர் அதையும் வாடகைக்கு விட்டார். புருஷன் பெண்டாட்டி இருவரும் சிலிண்டரும் போர்வைகளும் அடுக்கியிருந்த தகரக் கொட்டகைக்குப் போனார்கள். அந்தக் கொட்டகையைத் துடைக்க அந்த அம்மாவுக்கு ஒருநாளும் நேரம் கிடைத்ததில்லை. இருவருக்கும் இன்றுவரை எல்லாம் நினைவிருப்பது அதனால்தான். சீசன் நான்கு மாதத்திலிருந்து ஆறாகி, ஆறு எட்டாகி, கடைசியில் பனியையும் மழையையும் பார்க்கவே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கொட்டகையில் மூன்றாவது ஆள் படுக்க இடமில்லை. எனவே ஆறு வயது மகள், அன்றைக்கு எந்தக் காட்டேஜ் காலியோ அதில் படுத்தாள்.

"இன்னிக்கு எனக்கு எந்த நம்பரும்மா?" என்று அவள் பள்ளி விட்டு வந்ததும் கேட்பாள். அம்மா சாவியை எடுத்துக் கொடுப்பார். கட்டிலின் ஓர் ஓரமாகவே படுக்க வேண்டும், சோப்பைப் பிரிக்கக் கூடாது, அலமாரியில் எதையும் வைக்கக் கூடாது. அவளுடைய துணிகளும் புத்தகப் பையும், அழுக்குப் போர்வைகளை அள்ளி அறைக்கு அறை தள்ளிப்போகும் சலவை வண்டியில் ஊர்ந்துகொண்டிருந்தன. காலையில் அவள் தலையை வாரிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, யாரோ ஒரு வழிப்போக்கர் தங்கிய அறையைத் துடைப்பதைப்போலவே அம்மா அந்த அறையையும் துடைத்தார். அவருக்கு வேறு மாதிரி துடைக்கத் தெரியாது.

அவள் ஒன்பது வயதில் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாள், அதுவும் நான்காம் எண்ணில். அம்மா நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார், இருந்த பாட்டையெல்லாம் பாடினார். மூன்றாம் நாள் விருந்தினர்கள் வந்துவிட்டார்கள். பிள்ளையைக் கொட்டகைக்குத் தூக்கிப்போய்ப் போர்வை மூட்டைமேல் கிடத்திவிட்டு அறையைத் துடைத்தார். ஒரு வாரம் கழித்து அம்மா அதைப் பற்றிப் பேச்செடுத்தபோது, "எனக்கா? எனக்கு எப்போ காய்ச்சல் வந்துச்சு?" என்றாள் மகள். இன்னொரு நாள், "எல்லாருக்கும் அவங்கம்மா தல வாரி விடுறாங்க. நீ ஏம்மா எனக்கு வாரவே மாட்டேங்கிற?" என்று கேட்டாள். அன்று காலையும் ஐந்தாம் எண்ணில் உட்காரவைத்து இரட்டைப் பின்னல் போட்டு அனுப்பியிருந்தார். பின்னல் அவள் தோளில்தான் கிடந்தது.

அன்றைக்கே அவர் கணவரிடம் போய், பிள்ளைக்கென்று ஓர் அறை வேண்டும், அதைத் தான் தொடவே போவதில்லை என்றார்.

"சீசன் முடியட்டும்" என்றார் காட்டேஜ்காரர்.

"இங்க சீசன் எங்கங்க முடியுது?"

அவர் பதிவேட்டைத் திறந்து காட்டினார், மறுவாரத்துக்கு ஆறு காட்டேஜுக்கும் மாறிமாறி முன்பதிவு இருந்தது. அந்த அம்மா ஒரே ஒரு தடவை துணிந்து, மகள் படுத்த இரண்டாம் எண்ணைத் துடைக்காமல் சும்மா போர்வையை மட்டும் இழுத்துவிட்டார். அன்று வந்த தம்பதி தலையணையில் ஒரு நீள முடியைக் கண்டுபிடித்து, செத்த பாம்பைத் தூக்குவதைப்போல இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார்கள். முதல்முறையாக இரண்டு நட்சத்திரம் விழுந்தது. காட்டேஜ்காரர் இரண்டு நாள் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். அந்த அம்மா பக்கெட்டை எடுத்துக்கொண்டு போனார். தன் மகளின் முடியைப் பார்த்து ஊரான் அருவருத்ததில், மகளுக்காக வருவதற்கு முன்னால் தன் வேலைக்காக அவருக்கு அவமானம் வந்தது. அதை அவர் பிறகு எத்தனையோ முறை தானே சொல்லி அழுதிருக்கிறார்.

பதினோரு வருடம் இப்படிப் போயிற்று. பதினேழு வயதில் மகளுக்கு நகரத்துக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கிளம்பும் நாள் ஒன்றாம் எண்ணில் எழுந்து, குளித்து, சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினாள். ஜீப் மறைந்ததும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மணி பத்தேகால் ஆகியிருந்தது. யாரும் சொல்லவில்லை, அன்று ஒன்றாம் எண்ணுக்கு ஆள்கூட வருவதாக இல்லை. கை தானாகப் பக்கெட்டை எடுத்தது, கூரையில் தொடங்கியது. வாசல் கைப்பிடியைத் துடைத்து நிமிர்ந்தபோதுதான் என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. அதுவரை மகள் அங்கேயே இருந்ததால், அறையில் கழிந்த இரவும் காலையும் மட்டும்தான் அவளுக்கு மறந்தன. இப்போது போய்விட்டாள், போனவர்களுக்கு முழுசாகத்தான் மறக்கும்.

நான்கு நாள் கழித்து விடுதிக்குப் போன் செய்தார். மகள்தான் எடுத்தாள்.

"நான் அம்மா பேசுறேன்."

"யாரோட அம்மாங்க?" என்றாள் அவள், மரியாதையாக. பிறகு, "நம்பர் தப்பாப் போட்டுட்டீங்க போல. பரவால்லைங்க" என்று வைத்துவிட்டாள்.

விடுதிக் கட்டணம் மாதாமாதம் போய்ச் சேர்ந்தது. யாரோ முகம் தெரியாத புண்ணியவான் கட்டுகிறார் என்று அவள் தோழிகளிடம் சொல்வதாகக் கேள்விப்பட்டபின், காட்டேஜ்காரர் சாயங்காலங்களில் மலையைப் பார்த்து உட்காரும் பழக்கத்தையே விட்டுவிட்டார். படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது, கல்யாணம் நடந்தது. அடிவாரத்துக்கு ஓர் அழைப்பிதழும் வரவில்லை. தெரியாதவர்களுக்கு யார் அழைப்பிதழ் அனுப்புவார்கள்?

அவள் கிளம்பிப் போன ஏழாம் வருடம் அவள் பெயரில் ஒரு முன்பதிவு வந்தது: இரண்டு பெரியவர்கள், ஒரு குழந்தை, மூன்று இரவு, பால்கனி உள்ள அறை. ஜீப்காரர் ஏழாவது வளைவில் வண்டியை நிறுத்தினார். அவளும் வாயைப் பிளந்தாள். அம்மா சாவியோடு வாசலில் நின்றார். மழைக்காலத்தில் நான்காம் எண்ணின் கதவு ஊறிக்கொண்டு திறக்காது, கீழிருந்து தூக்கித் தள்ள வேண்டும். அதைச் சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் மகள் கதவைக் காலால் தூக்கித் தோளால் தள்ளித் திறந்தாள், திறந்துவிட்டு, "பழைய கதவுங்களா?" என்றாள். பெட்டிகளைத் தூக்கி வந்து வைத்த காட்டேஜ்காரருக்கு டிப்ஸ் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றவர் டீ நேரம்வரை வெளியே வரவில்லை.

மூன்று நாளும் அந்த அம்மா அவளை வாங்க போங்க என்றே பேசினார். பாதையில் எந்த இடத்தில் பாறை வழுக்கும், அருவிக்கு எத்தனை மணிக்குள் போய்த் திரும்ப வேண்டும் என்றெல்லாம் சொன்னார். நான்காம் நாள் அவர்கள் கிளம்பியதும் நான்காம் எண்ணை அப்படியே பூட்டினார். கசங்கிய போர்வை, குழந்தை சிந்திய பால், சீப்பில் முடி, எதையும் தொடவில்லை. சீசன் உச்சத்தில், நான்காம் எண்ணைக் கேட்டு வந்தவர்களை எல்லாம் காட்டேஜ்காரரே கைகூப்பித் திருப்பி அனுப்பினார்.

ஒன்பதாம் நாள் போன் வந்தது. "அம்மா" என்றாள் மகள். முதலில் அன்று தான் தூக்கித் தள்ளித் திறந்த கதவு நினைவுக்கு வந்ததாம், அதைப் பிடித்துக்கொண்டு சாவி, அப்புறம் ஆறு நம்பரும் வரிசையாக. பேசப் பேச மகளின் குரல் மாறிக்கொண்டே போயிற்று.

"காய்ச்சல்ல கெடந்தவளத் தூக்கிக் கொட்டகைல போட்டுட்டு மெத்தையத் திருப்பிப் போட்டீங்கள்ல, அதுவும் ஞாபகம் வந்துருச்சும்மா. எனக்குன்னு ஒரு தலகாணி இருந்துச்சா அந்த வீட்டுல?"

"தல வாரி விட்டது ஞாபகம் இருக்காடா கண்ணு?" என்று அம்மா கேட்டார்.

"இருக்கு. அதையும் சேத்துத்தானே தொடச்சீங்க" என்றாள் மகள். "இனிமே அந்த மலைப் பக்கம் தல வெச்சுக்கூடப் படுக்க மாட்டேன். போன் பண்ணாதீங்க."

அவள் சொன்னதைச் செய்கிறவள். அந்த வருடமும் வரவில்லை, அடுத்த வருடமும் வரவில்லை. போனை எடுக்கவில்லை, கடிதங்கள் பிரிக்காமல் திரும்பி வந்தன. இரண்டாவது குழந்தை பிறந்த செய்தியே வேறு யார் மூலமாகவோதான் தெரிந்தது. நான்காம் எண் பூட்டியே கிடந்தது. பால் சிந்திய இடத்தில் பூஞ்சை படர்ந்து ஒரு தட்டளவு ஆகியிருந்தது. மகள் எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டு எங்கோ நன்றாக வாழ்ந்தாள். அம்மாவுக்கு அது போதவில்லை. நியாயமா என்று கேட்டால் நியாயம் இல்லைதான். ஆனால் பார்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை.

மூன்றாம் வருடம் சீசன் தொடங்குவதற்கு முந்தைய வாரம், அவர் பூட்டைத் திறந்தார். கூரையில் தொடங்கிக் கீழே வந்தார். சீப்பிலிருந்த முடியை எடுத்து விரலில் சுற்றி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார், பிறகு அதையும் குப்பையில் போட்டார். வழக்கமாக ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு அன்று ஆறு மணி நேரம் ஆயிற்று. பின்பக்கமாக நகர்ந்து வாசலுக்கு வந்து, கைப்பிடியைத் துடைத்தார். பன்னிரண்டு நாளில் முன்பதிவு வந்தது: இரண்டு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள், பால்கனி உள்ள அறை.

அன்றிலிருந்து அவள் வருடம் தவறாமல் முதல்முறையாக வருகிறாள். கதவைக் காலால் தூக்கித் திறக்கிறாள், அப்பாவுக்கு டிப்ஸ் கொடுக்கிறாள். எல்லோரையும் அருவிக்குமுன் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துத் தரும்படி காட்டேஜ்காரம்மாவிடம் போனை நீட்டுகிறாள். அவர் எடுத்துக் கொடுக்கிறார். போன வருடம், "உங்களுக்குப் பிள்ளைங்க எல்லாம் எங்க இருக்காங்க?" என்று கேட்டாள். வெளியூரில் என்றார் அந்த அம்மா. "வந்து பாப்பாங்களா?" என்றதற்கு, "வருஷத்துக்கு ஒரு தடவ கண்டிப்பா வந்துரும்" என்றார். மகள் சந்தோஷப்பட்டாள்.

இந்த வருடமும் மூன்று இரவு தங்கிவிட்டு, மகளும் குழந்தைகளும் கையசைத்துக்கொண்டே ஜீப்பில் போனார்கள். அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிய ஜீப்காரர், வண்டியில் மறந்துவிட்டுப் போன குழந்தைச் செருப்பு ஒன்றைக் கொடுக்க நான்காம் எண்ணுக்கு வந்தார். அந்த அம்மா மெத்தையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். இருபது வருடமாகக் கேட்க நினைத்ததை ஜீப்காரர் அன்றைக்குத்தான் கேட்டார்.

"ஏம்மா, ஒரே ஒரு தடவ தொடைக்காம அப்படியே விட்டுப் பாருங்களேன்?"

"விட்டுப் பாத்தாச்சுங்க" என்றார் அந்த அம்மா, தலையணையை எடுத்து அடித்தபடி. "அந்த ஓரத்துல நிக்காதீங்க, ஈரம்."

ஜீப்காரர் செருப்பைக் கொட்டகையில் கைத்தடிகளோடு வைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு ஆள் ஏற்றப் போனார்.