இரண்டாம் பந்திக்குத் தண்ணீர்

1

இந்தக் கதை உருவானதற்குப் பாதிப் பொறுப்பு என்னுடையது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மாரண்டஹள்ளியில் புது வீடு கட்டிய பெண்மணி ஒருவர், புதுமனைப் புகுவிழா அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்குமுன் பிழை திருத்தித் தருமாறு என்னிடம் கொண்டுவந்தார். நாளும் நேரமும் சரியாக இருந்தன. அடியில் ஒரு வரி: “இவ்விழாவில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருள் எதுவும் இயன்றவரை இராது.”

‘இயன்றவரை’ என்ற சொல்லை அடித்தேன். செய்வதானால் செய்ய வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்துவைக்கும் சொற்களை நான் அனுமதிப்பதில்லை. அந்த அம்மாள் சிறிது யோசித்தார். பிறகு ரோஷம் வந்தவராய் இன்னொரு வரியையும் சேர்க்கச் சொன்னார்: “ஒன்றேனும் காணப்பட்டால், அன்றுமுதல் இத்தெருவில் குப்பையைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன்.”

அதில் பிழை இல்லை. விட்டுவிட்டேன். கதையில் அவருக்கு நிர்மலா என்று பெயர் வைத்திருக்கிறேன்.

[எழுதிக் கைவிட்ட வாக்கியங்கள் இவ்வாறு சதுர அடைப்புக்குள் அப்படியே இருக்கும். ஒருமுறை பயன்படுத்தியதை எறிவதைக் கண்டித்து எழுதுகிறவள் வாக்கியங்களை மட்டும் எறிவது முறையன்று.]

2

[பூமித்தாய் கண்ணீர் வடித்தாள்.] நான் பார்க்கவில்லை.

[அதிகாலை ஐந்து மணி. மாரண்டஹள்ளி உறங்கிக்கொண்டிருந்தது.] பொய். காய்கறி மண்டி உள்ள ஊர் ஐந்து மணிக்கு உறங்காது.

மூன்றாவது தேறியது: நிர்மலா தன் கணவரின் பழைய வேட்டிகளைச் சாப்பாட்டு மேசைகளின்மேல் விரித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டின் முன் தெருவை அடைத்துப் பந்தல். பந்தலுக்குள் நான்கு வரிசை மேசைகள். பந்திக்கு அறுபது பேர். மேசைமேல் காகிதச் சுருளை விரிப்பதே ஊர் வழக்கம். காகிதம் எறியும் பொருள், ஆகவே வேட்டி. வெளுத்து, நீலம் போட்டு, இஸ்திரி செய்து வைத்திருந்தாள்.

“நாளைக்கு மண்டிக்கு நான் என்னத்தக் கட்டிக்கிட்டுப் போறது?” என்றார் கணவர் தீர்த்தகிரி. தக்காளி மண்டிக்காரர்.

“அதான் ஒண்ணு கட்டியிருக்கீங்களே.”

இலைக்கு வாழை. தண்ணீருக்கு எவர்சில்வர் டம்ளர் அறுபது, அவள் தலைமை தாங்கும் மகளிர் குழுவின் பன்னிரண்டு வீடுகளில் இரவல் வாங்கியவை. ஒவ்வொன்றிலும் வீட்டுக்காரியின் பெயர் வெட்டப்பட்டிருந்தது. ஒரு பந்தி முடிந்ததும் கழுவி அடுத்த பந்திக்கு வைப்பது என்பது ஏற்பாடு. இரண்டு பெண்கள் புளியும் நாருமாகக் குழாயடியில் காத்திருந்தார்கள். நிர்மலா பந்தலின் நடுவில் நின்று ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். எறிவதற்கு ஒரு துரும்புகூட இல்லை. இந்தத் தெருவில் இன்னும் இருபது வருடம் பேசலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

தெருவுக்கும் அதே கணக்குத்தான், ஆனால் எதிர்த்திசையில். இரண்டு வருடமாக நிர்மலா ஒவ்வொரு வாசலிலும் நின்று, பிறர் வீட்டுக் குப்பைக்கூடையிலிருந்து ஷாம்பு பாக்கெட்டைக் குச்சியால் எடுத்துத் தூக்கிக் காட்டி, “இது என்னங்க இதுல?” என்று கேட்டுவந்தாள். அழைப்பிதழின் கடைசி வரியைத் தெருவே மனப்பாடம் செய்திருந்தது.

3

ராமக்காவைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு. தீர்த்தகிரியின் அக்கா, அதியமான்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவர். [ராமக்காவின் கண்களில் வஞ்சகம் மின்னியது.] என்றுதான் தொடங்கினேன். பிறகு அவர் காரிலிருந்து இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். மூன்று பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்தவர். பந்தியில் டம்ளர் பற்றாமல்போனதை இருமுறை அனுபவித்தவர். அப்படிப்பட்டவர் காரின் டிக்கியில் ஐந்நூறு பேப்பர் கப் வைத்திருந்தால் அதை வஞ்சகம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

“நிர்மலா, டிக்கியில கப்பு கெடக்குது. சும்மா சொன்னேன்.”

“சும்மாக்கூடச் சொல்லாதீங்க அண்ணி.”

“பத்திரிகைல போட்டிருந்தியே, படிச்சேன். எங்க தெருவுல நாலு பேருக்கும் படிச்சுக் காட்டுனேன்.”

“எதுக்குங்க?”

“பெருமைக்குத்தான். வேற எதுக்கு?”

(வேறொன்றுக்கும்தான். இதை ராமக்காவே பின்னர் ஒப்புக்கொள்வார்.)

4

முதல் பந்தி குறையின்றி முடிந்தது. இட்லி, பொங்கல், கேசரி, சாம்பார், காரச் சட்னி. சாப்பிட்டவர்கள் இலையை மடித்து எழுந்தார்கள். அந்த நேரத்தில் நிர்மலாவைப் புது மாடிப்படியில் நிற்கவைத்துப் புகைப்படம் எடுக்க அழைத்தார்கள். ஐந்து நிமிடம். ஐந்தே நிமிடம்.

பந்தி பரிமாறப் பாலக்கோட்டிலிருந்து ஆட்களுடன் வந்திருந்தவன் கலைவாணன். பந்தி முடிந்ததும் அவன் ஆட்கள் மேசைக்கு இருவராக நின்று, விரித்த காகிதத்தை ஒரு முனையிலிருந்து சுருட்டுவார்கள். இலை, எச்சில், கப், எல்லாம் உள்ளே அடங்கிப் பாய்போல் உருண்டுவிடும்.* இருபது வருடப் பழக்கம். அன்றும் மேசைமேல் வெள்ளையாக ஏதோ இருந்தது. சுருட்டினார்கள். சற்றுக் கனமாகத்தான் இருந்திருக்கும். தெருமுனையில் பேரூராட்சிக் குப்பை வண்டி விசிலடித்துக்கொண்டு நின்றது. ஏற்றிவிட்டார்கள்.

* வரிசைக்கு நாற்பது நொடி. கைக்கடிகாரம் பார்த்தே எழுதுகிறேன்.

நிர்மலா திரும்பியபோது இரண்டாம் பந்தி உட்கார்ந்துவிட்டது. சாப்பிடுபவர்களின் நாற்காலிக்குப் பின்னால் நின்று இடம் பிடித்தவர்கள் காத்திருப்பார்களா? வெறும் மேசையில் இலை விழுந்து, இட்லியும் விழுந்து, சட்னியும் ஊற்றியாகிவிட்டது.

“டம்ளரெல்லாம் எங்கப்பா?”

“எந்த டம்ளருங்க?”

“மேச மேல இருந்த டம்ளரு!”

கலைவாணன் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான்.

“அக்கா… அது பேப்பரு இல்லீங்களா?”

“வேட்டி! எங்க வூட்டுக்காரரு வேட்டி!”

“எல்லாமேவா?” என்றார் தீர்த்தகிரி, ஈனக் குரலில்.

“கண்ணால பாத்திருக்கக் கூடாதாப்பா?” என்றாள் நிர்மலா.

“பந்தி சுருட்டறப்ப யாருங்க கண்ணால பாக்கறது?”

நிர்மலாவுக்குப் பந்தலின் கூரை இறங்கி வருவதுபோல் இருந்தது. பன்னிரண்டு வீட்டுப் பெயர்களும் எச்சிலோடு குப்பைக்கிடங்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அறுபது பேர் வாயில் காரச் சட்னி. பின்னால் காரின் டிக்கி திறக்கும் சத்தம் கேட்டது.

5

குப்பை வண்டி பின்னோக்கியே வந்தது. ஓட்டிவந்தவள் தேன்மொழி, தூய்மைப் பணியாளர். இறங்கி, நான்கு வேட்டி மூட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பந்தல் வாசலில் வைத்தாள். ஒவ்வொன்றும் கலகலவென்றது.

“தேனு! நீ நல்லா இருக்கோணும்!” என்று நிர்மலா ஓடினாள்.

“நான் நல்லாத்தான் இருக்கறனுங்க. பிரிக்காத குப்பைய வாங்காதேன்னு சொன்னது யாருங்க? நீங்கதானுங்களே? இதுல எலையும் சாம்பாரும் துணியும் எவர்சில்வரும் ஒண்ணாக் கெடக்குது. மக்கறது தனியா, மக்காதது தனியாப் பிரிச்சு வைங்க, எடுத்துக்கறேன்.”

“நல்லாக் கேளு தேனு!” என்று பந்தியிலிருந்து ஒரு குரல். எதிர்வீட்டு வெண்மதி. அவள் குழந்தையின் டயப்பர் நான்கு முறை இதே வாசகத்தோடு திருப்பி அனுப்பப்பட்டிருந்தது.

“டம்ளரு வந்துருச்சில்ல வெண்மதி? அப்புறம் என்ன?”

“வந்தா? ஒரு தடவ குடிச்சாங்க, எறிஞ்சாங்க. பத்திரிகைல அதத்தானுங்களே போட்டிருந்தீங்க? அப்ப இதுவும் யூஸ் அண்ட் த்ரோ தான்!”

தெருவே சிரித்தது. அழைப்பிதழைத் திருத்தியவள் என்ற முறையில், வெண்மதியின் வாதத்தை மறுக்க நானும் முயன்றேன். இயலவில்லை.

நிர்மலா பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு தரையில் குந்தி முதல் மூட்டையை அவிழ்த்தாள். டம்ளர்தோறும் கேசரி, சாம்பார், பாதி இட்லி. கழுவ எப்படிப் பார்த்தாலும் இருபது நிமிடம். பந்தியில் யாரோ இருமினார்கள். ராமக்கா அட்டைப்பெட்டியுடன் அருகில் வந்து, ஒட்டியிருந்த நாடாவில் நகத்தை வைத்தார்.

“ஒரு வார்த்த சொல்லு நிர்மலா. பிரிக்கறேன்.”

“வேண்டாங்க அண்ணி.”

“சனம் விக்கிக்கிட்டு உக்காந்திருக்குது. நீ தெருவுல பேசாமப் போறதுல எனக்கென்ன சந்தோசமா?” நாடாவின் முனையை உரித்தார். “கொஞ்சந்தான்.”

“பேசாம இருந்தா நான் செத்துருவேன் அண்ணி,” என்றாள் நிர்மலா. அவள் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

6

முடிவுகள். மூன்று எழுதினேன்.

[குழுப் பெண்கள் பன்னிரண்டு பேரும் பந்தியிலிருந்து எழுந்து வந்து, கூடிக் கழுவினார்கள். உழைப்பே உயர்வு.] இட்லி விழுந்த இலையை விட்டு எழுந்த ஒருவரையும் என் எழுபத்து நான்கு வயதில் நான் கண்டதில்லை.

[கலைவாணன் குடத்துடன் வந்து ஒவ்வொருவரையும் அண்ணாந்திருக்கச் சொல்லி வாயில் ஊற்றினான்.] பட்டுப்புடவைகள் இருபத்தாறு. ஒருத்தியும் அண்ணாந்து குடிக்க மாட்டாள்.

[பெட்டி திறக்கப்பட்டது. நிர்மலா சொன்ன சொல் காத்து மௌனமானாள். மூன்றே மாதத்தில் தெருமுனையில் குப்பை…] இதை முடிக்கவில்லை. நிர்மலா மௌனமாவாள் என்பதை எழுதிய எனக்கே நம்ப முடியவில்லை.

நிர்மலா முடிவெடுக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டே இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். தவறு. ராமக்கா கொடுக்கலாம், நிர்மலா தடுக்கலாம். வாங்குவதற்கு ஒரு கை வேண்டுமல்லவா? அது அவர்கள் இருவருடையதும் அன்று.

இரண்டாம் பந்தியில் நாற்காலிகள் அறுபது. ஐம்பத்தொன்பது பேரைத்தான் உட்காரவைத்தேன். கடைசி இலை உங்களுடையது. சட்னியில் காரத்தை வேண்டுமென்றே தூக்கலாக வைத்திருக்கிறேன். இந்நேரம் கண்ணில் நீர் வந்திருக்கும். ராமக்கா நாடாவைக் கிழித்துவிட்டார். முதல் கப் தளும்பத் தளும்ப உங்கள் முன்னே நீள்கிறது. குழாயடியில் நிர்மலா முதல் டம்ளரைத் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்து பார்க்கிறாள். வேறு யாரையும் அல்ல, உங்களைத்தான்.

நான் பேனாவை மூடுகிறேன். எனக்கு இதில் சொல்ல ஒன்றுமில்லை. நான் முதல் பந்தியிலேயே சாப்பிட்டுத் தண்ணீரும் குடித்துவிட்டேன்.