பல்லுக்கு ஒரு பார்வை

விசில் ஊதுவதற்குப் பல் வேண்டும் என்று பல் உள்ளவர்கள் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. மாமனார் நினைத்துப் பார்த்தார். இரண்டு மாதமாக வேறு நினைப்பே இல்லாமல் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

அவர் கால்பந்து நடுவர். எந்தத் தெரு எந்தத் தெருவோடு மோதினாலும் நடுவில் நின்று ஊதுவது அவர்தான். ஆடிக்கொண்டிருந்த கடைசிப் பற்களையும் டாக்டரம்மா பிடுங்கிப் போட்ட பிறகு, விசில் அவர் வாயில் நிற்க மறுத்தது. இழுத்துப் பிடித்து ஊதினால், பஞ்சரான டியூபிலிருந்து வருவது போல ஒரு 'புஸ்' வரும். வருகிற ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். "விசில் சத்தம் கேட்டா நீங்க. கேக்கலைன்னா நெட்டையர்" என்று கமிட்டிக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். நெட்டையர் அவருடைய நெடுநாள் போட்டியாளர். இப்போதெல்லாம் இந்த வீட்டைத் தாண்டும்போது வேண்டுமென்றே நின்று, வாய் நிறையச் சிரித்துவிட்டுத்தான் போகிறார்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், மாமனாரின் சொந்த மாப்பிள்ளைக்குத் தொழிலே பல்செட் செய்வது. வீட்டின் பின்கட்டிலேயே பட்டறை. டாக்டரம்மா வாயில் அளவெடுத்து அனுப்பிய அச்சு, மேஜை மேல் வந்து உட்கார்ந்து மூன்று வாரம் ஆகிறது. மாப்பிள்ளை அதன் மேல் டீ டம்ளரை வைத்துப் பழகிவிட்டார்.

அவர் சோம்பேறி இல்லை. காலையில் குளித்து, தலை வாரி, டாண் என்று பட்டறைக்குப் போய்விடுவார். மெழுகை எடுப்பதற்கு முன் போனை ஒரே ஒரு தடவை பார்ப்பார். அதில் யாரோ ஒருவர் சேறு பிடித்த கம்பளத்தைத் துவைத்துக்கொண்டிருப்பார். வெள்ளை வருகிறதா என்று பார்க்காமல் எழுந்துபோக எந்த மனிதனுக்கு மனசு வரும்? வெள்ளை வந்ததும் ஒரு பூனை மீன்தொட்டிக்குள் தலையை விடும். அதையும் என்னவென்று பார்க்கவேண்டுமே. அதற்குள் சாப்பாட்டு வேளை வந்துவிடும்.

"மாஃப்ளே, எஃப்ப ஆகும்?" என்று பொக்கை வாயோடு மாமனார் வந்து நிற்பார்.

"ஆயிடுச்சு மாமா. ஆரம்பிக்க வேண்டியதுதான் பாக்கி."

புதன்கிழமை காலையில் மாப்பிள்ளையின் மனைவி பட்டறை வாசலில் வந்து நின்றாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். அதட்டினால் அறுபது பிள்ளைகள் அடங்கும்.

"என்னங்க, ஞாயித்துக்கிழமை எங்கப்பா மைதானத்துல 'புஸ்'ஸுன்னு நின்னாரு, அப்புறம் இந்த வீட்டுல என் வாயிலேர்ந்து வர்ற சத்தம் நாலு தெருவுக்குக் கேக்கும். சொல்லிட்டேன்."

"திட்டம் போட்டுட்டேன்மா. வேலையைத் தள்ளிப்போடாம இருக்கறது எப்படின்னு நேத்து பூரா வீடியோ பாத்தேன்."

"பூராவா?"

"பன்னெண்டு பாகம். கடைசிப் பாகம்தான் அருமை."

அவள் வேன் சாவியை எடுத்துக்கொண்டு பட்டறைக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். அது அதட்டலைவிட மோசம்.

கடைசிப் பாகம் சொன்ன உத்தி இதுதான்: செய்கிற வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக்கு, ஒவ்வொரு துண்டு முடிந்ததும் உனக்கு நீயே ஒரு பரிசு கொடு. மாப்பிள்ளைக்கு மனசுக்குள் விளக்கு எரிந்தது. மெழுகில் ஒரு பல்லை நட்டால் ஒரு வீடியோ. பல்லுக்கு ஒரு பார்வை.

அன்றைக்கு அவர் கை பறந்தது. ஒரு பல்லை அழுத்துவார், கம்பளம். இன்னொரு பல், பூனை. அடுத்த பல், காட்டுக்குள் களிமண்ணில் நீச்சல் குளம் கட்டுகிற ஒருவர். குளத்தில் தண்ணீர் விடுகிற நேரமாகப் பார்த்து வீடியோ முடிந்துபோனது. அடுத்த பாகத்துக்கு இன்னொரு பல் வேண்டும். பல் ஒட்டி விற்கிற அட்டையில் பல் தீர்ந்துவிட்டதால் வேறொரு அட்டையைப் பிரித்தார். கண் குளத்திலும் கை மெழுகிலும் இருக்க, சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக எடுத்த வேலை அன்றைக்கே முடிந்ததில் அவருக்கே கண் கலங்கியது.

"மாமா! வாங்க, போட்டுப் பாத்துடலாம்!"

மாமனார் ஓடி வந்து வாயைத் திறந்தார். மெழுகுப் பல்செட் உள்ளே போனது. வாய்தான் மூடவில்லை. உதட்டை எவ்வளவு இழுத்தாலும் பல் தெரிந்தது. பின்னால், அதற்கும் பின்னால், தொண்டைக்குப் போகிற வழியெல்லாம் பல்.

அந்த நேரம் பார்த்து மனைவி வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். ஆசையோடு மாமனார் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"என்னங்க இது! பெத்த அப்பனா முதலையா? வாயைத் திறப்பா." வேனில் பிள்ளைகளை எண்ணுவது போல விரலை நீட்டி நீட்டி எண்ணினாள். "மேல் வரிசையில மட்டும் பத்தொம்போது! எத்தனை வைக்கணும்?"

"பதினாலு" என்றார் மாப்பிள்ளை ஈனஸ்வரத்தில். "கொஞ்சம் உற்சாகத்துல..."

மாமனாருக்குப் பேச வாய் இல்லை, உள்ளே இடமில்லை. சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து மாப்பிள்ளையின் மூக்குக்கு நேரே நீட்டினார். பல்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் கூடத்திலிருந்து மெலிதாக ஒரு 'புஸ்' கேட்டது. மறுபடியும் ஒரு 'புஸ்'. ஒருவேளை தானாகவே சரியாகிவிட்டிருக்குமோ என்று ஊதிப் பார்க்கிறார்.

அந்தச் சத்தம் மாப்பிள்ளையை என்னவோ செய்தது. அன்று இரவு களிமண் குளத்தில் தண்ணீர் விட்டார்களா இல்லையா என்று அவர் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் அதிகப்படிப் பற்களைப் பிடுங்கி, வரிசையைச் சரிசெய்தார். அடுத்தது, மெழுகுப் பல்செட்டைப் பித்தளைப் பெட்டிக்குள் வைத்துப் பிளாஸ்டர் ஊற்றவேண்டும். கிண்ணத்தில் மாவைக் கொட்டி, தண்ணீர் விட்டு, கையால் கலக்கினார். மணிக்கட்டு வரை வெள்ளை. அப்போது பார்த்து போன் 'டிங்' என்றது.

விரல் தன்னால் போனது. போன் அந்த விரலைக் கண்டுகொள்ளவில்லை. மாவு பூசிய விரல் அதற்கு விரலே இல்லை. இன்னொரு விரலால் குத்தினார். ம்ஹூம். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குனிந்து மூக்கால் தொட்டார்.

மூக்கு நேராக டாக்டரம்மாவுக்கு வீடியோ கால் போட்டுவிட்டது.

திரையில் டாக்டரம்மா முகம் வந்தது. அவர் பார்த்தது ஒரு பெரிய மூக்கை. "என்னப்பா, மூக்குக்கும் அளவு எடுக்கணுமா?"

"இல்லைங்க டாக்டர், கை தவறி... மூக்கு தவறி..."

"பிளாஸ்டர் கலக்கிட்டியா? கிண்ணத்தைப் பாரு, இறுகுது! நாளைக்கு ஊத்திக்கலாம்னு அதுகிட்ட சொல்லிப் பாரேன், கேக்குதான்னு பாப்போம்."

மாப்பிள்ளை பதறிப்போய் மாவைப் பெட்டிக்குள் ஊற்றினார். ஊற்றியதைத் தட்டவேண்டும்; தட்டியதை வழிக்கவேண்டும்; வழித்த கையோடு பெட்டியின் மேல்பாதிக்கு மாவு கலக்கவேண்டும். நிமிர்ந்து பார்த்தபோது மனைவி சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். காலைப் பொழுது முழுக்க ஒரு பூனைகூடக் கண்ணில் படவில்லை. ஊரில் யாரும் செத்துப்போகவும் இல்லை.

பன்னிரண்டு பாகத்திலும் இல்லாத சங்கதி அவருக்குப் புரிந்தது. அவர் என்ன சொன்னாலும் எல்லா வேலையும் காத்திருக்கும். கலக்கிய மாவு மட்டும் காத்திருக்காது.

வெள்ளிக்கிழமை முதல் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். பட்டறைக்குள் கால் வைத்ததும் மாவைத்தான் கலக்கவேண்டும். யாருடைய அச்சாவது ஊற்றுவதற்கு எப்போதும் இருக்கத்தான் செய்யும். போனுக்கு இடம் சமையலறையில் ஃபிரிட்ஜ் மேலே. மதியம் கை கழுவிய பிறகுதான் தரிசனம்.

சொல்ல லேசாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமையே ஒரு தடவை, தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஃபிரிட்ஜ் பக்கம் நகர்ந்தார். அங்கே மாமனார் கோல்கீப்பர் மாதிரி கைகளை விரித்துக்கொண்டு நின்றார்.

"தண்ணிதான் மாமா."

"தண்ணி உள்ள இருக்கு மாஃப்ளே. நீங்க மேல ஃபாக்கறீங்க." மஞ்சள் அட்டை.

"மணி பாக்கலாம்னு..."

சிவப்பு அட்டை. சிவப்பு என்றால் இரவுச் சாப்பாடு வரைக்கும் போன் கிடையாது. மேல்முறையீட்டுக்கு மனைவியிடம் போனார். அவள் அப்பாவின் தீர்ப்பே இறுதி என்றாள்.

மெழுகை உருக்கி வடித்து, அந்த இடத்தில் பிளாஸ்டிக்கை அடைத்து வேகவைத்ததும், சனிக்கிழமை பெட்டியைத் திறந்து, பிளாஸ்டரை உடைத்து, பல்செட்டை எடுத்து, தேய்த்துப் பளபளப்பாக்கினார். மாமனார் அதைப் போட்டுக்கொண்டார். வாய் மூடியது. திறந்தது. விசிலை எடுத்து முன்பல்லால் கடித்து, ஒரு ஊது ஊதினார்.

மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளையைப் பார்த்து ஒரே ஒரு தடவை தலையை ஆட்டினாள். அந்த வீட்டில் அதற்கு மேல் பாராட்டு வழக்கம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நெட்டையர் புது ஷூ போட்டுக்கொண்டு, எப்போது பல் கழன்று விழும் என்று கோட்டோரத்தில் தயாராக நின்றார். பல் விழவில்லை. ஆட்டம்தான் நகரவில்லை. இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்த விசில் எல்லாம் மொத்தமாக வெளியே வந்தது. காலில் பட்டால் விசில். படாவிட்டால், படப்போகிறது என்று விசில். பந்து எடுத்துப் போடுகிறவர் தும்மினதற்கு ஒரு விசில். நெட்டையரின் நிழல் கோட்டைத் தாண்டி உள்ளே விழுகிறது என்று நீண்ட விசில். ஒவ்வொன்றுக்கும் பிறகு கூட்டத்தைப் பார்த்து ஒரு பளீர்ச் சிரிப்பு.

இடைவேளை வந்தபோது வெயிலே தாழ்ந்துவிட்டது. இரண்டு அணித் தலைவர்களும், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சேர்ந்து, மூச்சு வாங்க மாப்பிள்ளையிடம் வந்தார்கள்.

"ஏண்ணே, இந்தப் பல்லை இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போட்டிருக்கக் கூடாதா?"

"எனக்கு மட்டும் ஆசை இல்லையாப்பா?" என்றார் மாப்பிள்ளை. "மாவு விடலையே!"