மூடியில் ஒரு கிரீடம்

யாருக்கும் காப்பி வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் வீபே மறுபடியும் கெட்டிலை அடுப்பில் ஏற்றினார். சமையலறையில் நிற்கும்வரை முன்னறைக்குப் போக வேண்டியதில்லை. அங்கே ஜன்னலோரம் அவர் மனைவி யெல்ட்யே பெட்டியில் படுத்திருந்தாள். பெட்டியின் மூடி பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றது. தேவாலய மணி அடிப்பதற்குள் மூடியாக வேண்டும்.

"அப்பா, நீங்க இன்னும் மூடியில எழுதலை," என்றாள் மகள் சீட்ஸ்கே, கதவருகே நின்று.

"காப்பி போட்டுட்டு வர்றேன்."

"தெருவே காப்பியில மிதக்குது. வாங்க."

யெல்ட்யே ஊர்ப் பள்ளியில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவள். மேல்வகுப்புக்கு மாற்றுகிறோம் என்று சொன்ன தலைமையாசிரியர்கள் எல்லோரிடமும் மல்லுக்கு நின்றவள். அவள் வகுப்பில் முதலில் காற்றில் எழுத வேண்டும். தோளிலிருந்து கை முழுசாகச் சுழல வேண்டும். அப்புறம்தான் தாள். ரப்பர் வகுப்புக்குள்ளேயே வரக் கூடாது. ஒரு வரி எழுதி முடித்ததும், அதில் எந்த எழுத்து அழகாக வந்திருக்கிறது என்று பிள்ளையே தேடிப் பிடித்து, அதன் தலையில் சின்னதாக ஒரு கிரீடம் வரைய வேண்டும். டீச்சர் வரைந்து தர மாட்டாள்.

நேற்று சாயங்காலம் அவளுடைய பழைய மாணவர்கள் வந்து, வர்ணம் பூசாத அந்த மர மூடியில் எழுதிவிட்டுப் போனார்கள். வரிக்கு ஒரு கிரீடம். நரைத்த தலையோடு இறைச்சிக் கடைக்காரர் மண்டியிட்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதியதைப் பார்த்து வீபேக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அந்த மனுஷனுக்குக்கூட முத்து முத்தான எழுத்து!

வீபேயின் கையெழுத்து வீட்டில் தீராத வேடிக்கை. படகுகளுக்கு வழிவிடக் கால்வாய்ப் பாலத்தை ஏற்றி இறக்கும் வேலையிலேயே இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கடைக்குப் போக அவர் எழுதும் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுல எதுக்குக் கிரீடம்?" என்பாள் யெல்ட்யே.

"ஒண்ணுக்கும் இல்லை."

"தேடு, வீபே. எங்கேயாவது ஒண்ணு இருக்கும்."

அவர் ஒரு நாளும் தேடியதில்லை. கடைசி வாரத்தில், குரல் தேய்ந்த பிறகும் அவள் விடவில்லை. "மூடியில நீயும் எழுதணும். கோழி கிளறின மாதிரி இருக்குன்னு நழுவினே, எழுந்து வந்து காதைத் திருகுவேன்." சரி என்று சொல்லிவிட்டார். சாகப்போகிறவளிடம் வேறு என்ன சொல்வது?

முன்னறையில், சவ அடக்க ஏற்பாடுகளைக் கவனிக்க வந்த அடக்கக்காரப் பெண்மணி கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியைத் தூக்குவது அக்கம்பக்கத்தார் கடமை. கறுப்புக் கோட்டு போட்ட ஆறு பேர் தயாராக நின்றார்கள். முன்னால் நின்றவர் சரக்குப் படகோட்டி டவுவே. வீபேயின் பாலம் திறக்கக் காத்திருந்தே பாதி ஆயுளைக் கழித்தவர்.

சீட்ஸ்கே பேனாவை நீட்டினாள். "என்ன எழுதணும்னு சொல்லுங்க. நான் வேணா எழுதறேன்."

"அப்புறம் என் காதுக்கு யார் பதில் சொல்றது?"

மூடியின் நடுவில் ஓர் இடம் காலியாக விடப்பட்டிருந்தது. எல்லோருடைய அழகான வரிகளுக்கும் நடுவே தன் கிறுக்கல் அவளோடு மண்ணுக்குள் போகும் என்று நினைக்கவே வெட்கமாக இருந்தது. முதலில் காற்றில் எழுது என்பாளே. கண்ணை மூடினார். தோளிலிருந்து கையைச் சுழற்றி, அவள் பெயரைப் பெரிதாக எழுதிப் பார்த்தார்.

டவுவே அந்தக் கையைப் பார்த்தார். பாலம் திறந்தாயிற்று, வரலாம் என்று எத்தனை வருஷமாக வீசிய கை அது! மூடச் சொல்கிறார் என்று நினைத்து டவுவே தலையசைத்ததும் ஆறு பேரும் சத்தமில்லாமல் மூடியைத் தூக்கி, பெட்டிமேல் பொருத்திவிட்டார்கள்.

கண்ணைத் திறந்தார் வீபே. சுவர் வெறுமையாக இருந்தது.

"யோவ், என்னய்யா பண்றீங்க?"

"நீதானே கை காட்டினே!"

"நான் எழுதிப் பாத்துட்டிருந்தேன்யா!"

முதலில் சீட்ஸ்கே சிரிக்க ஆரம்பித்தாள். டவுவே கைக்குட்டைக்குள் குலுங்கினார். அடக்கக்காரப் பெண்மணியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீபேயும் சிரித்தார். யெல்ட்யே இருந்திருந்தால் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

"மறுபடி இறக்கட்டுமா?" என்று கேட்டார் டவுவே.

"வேணாம்." காலையில் அவள் தலையை வாரிவிட்டபோதே முகத்தை ஆசை தீரப் பார்த்திருந்தார். "இப்படியே இருக்கட்டும். மேசை மாதிரி வசதியா இருக்கு."

குனிந்து எழுதினார். 'யெல்ட்யே.' அவ்வளவுதான். முதல் எழுத்து பூதாகாரமாக வந்தது. இரண்டாவது சாய்ந்தது. நடுவில் ஒன்று கோணி, பக்கத்து எழுத்தின் மேல் விழுந்தது.

"உப்புத்தாள் இருக்கு. வேணும்னா தேய்ச்சுடலாம்," என்றாள் அடக்கக்காரப் பெண்மணி தணிந்த குரலில்.

"தேய்க்கக் கூடாது," என்றார்கள் அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில்.

வீபே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தேடினார். யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசி எழுத்தான 'e'-யில் வந்து நின்றார். உருண்டையாக, வால் மேலே தூக்கியபடி, எப்படியோ ஒழுங்காக வந்திருந்தது அது. அதன் தலையில் மூன்று முனையுள்ள கிரீடத்தை மெதுவாக வரைந்தார்.

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். நிமிர்ந்து கையை உயர்த்தினார்.

டவுவே அசையவில்லை. "இப்போ எழுதறியா, போகச் சொல்றியா?"

"போகலாம்," என்றார் வீபே.