பக்கத்து இருக்கையின் பிரேக்

அன்று வண்டியில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங்கில் என் மூத்த மகள். அவளுக்குப் பக்கத்து இருக்கையில் நான். பின்னால் என் மனைவியும் அவள் தம்பியும். வேறு யாரும் இல்லை. எங்கள் பயிற்சி மைதானத்தின் கேட்டை உள்பக்கம் பூட்டச் சொன்னவன் நானே.

எங்கள் குடும்பம் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறது. பயிற்சி வண்டியில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் உண்டு. கற்றுக்கொள்பவர் தடுமாறினால் சொல்லித்தருபவர் அங்கிருந்தே வண்டியை நிறுத்தலாம். அந்த இருக்கையில் என் தந்தை உட்கார்ந்தார், அவருக்குப் பிறகு நான். ஓட்டத் தெரியாத ஒருவரை, அவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், தேறிவிட்டார் என்று எங்கள் வாயால் சொன்னதில்லை. எங்கள் பெயர் நிற்பது அதன் மேல்தான்.

எனக்கு முதுகுத்தண்டின் அடிப்பக்கம் ஒரு டிஸ்க் பிதுங்கி, வலது காலுக்குப் போகும் நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சை செய்து அந்த அழுத்தத்தை எடுத்தார்கள். வலி உடனே போய்விட்டது. உணர்வு மட்டும் வரவில்லை. முழங்காலுக்குக் கீழே யாரோ வைத்துவிட்டுப் போன சாமான்போல அந்தக் கால் கிடந்தது. நடந்தால் பாதத்தின் நுனி தொங்கும். செருப்பு கழன்றது தெரியாமல் நான் போய்க்கொண்டே இருப்பேன். மனைவி அதைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வருவாள்.

"நீங்க மட்டும் போனா எப்படி? இதையும் கூட்டிட்டுப் போங்க" என்பாள்.

உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் படுக்கத் தோன்றும். மரத்த இடத்தில் திடீரென்று எறும்பு ஊரும். குனிந்து தட்டிவிட்டால் அங்கே ஒன்றும் இருக்காது. என் கட்டில் ஜன்னலோரம், ஜன்னலுக்குக் கீழே மைதானம். கிளட்சை அரைகுறையாக மிதித்துக் கியர் மாற்றும் சத்தம் கேட்டால் படுத்தபடியே கத்துவேன்.

"முழுசா மிதிக்கச் சொல்லு! கியர்பாக்ஸ் அழுவுது!"

"அப்பா, அது பக்கத்து வீட்டு மிக்சி!" என்று மகள் கீழேயிருந்து பதில் கத்துவாள்.

உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் வீட்டுக்கு வருவாள். என் கண்ணை மூடச் சொல்லி, கட்டைவிரலைப் பிடித்து அசைத்து, "இப்ப விரல் மேல இருக்கா, கீழ இருக்கா?" என்று கேட்பாள்.

"நேத்து எங்க இருந்துச்சோ அங்கதான் இருக்கு."

அவள் சிரிக்கமாட்டாள். "பலம் வருது சார். ஆனா கால் எங்க இருக்குன்னு காலுக்கே தெரியணும். அதுக்கு நாளாகும்" என்பாள்.

எனக்கு நாள் இல்லை. நான் படுத்ததிலிருந்து மகளே எல்லோருக்கும் சொல்லித்தந்து தொண்டை கட்டிப்போயிருந்தாள். வங்கியில் காசாளராக இருக்கும் ஓர் அம்மா, கற்றால் என்னிடம்தான் கற்பேன் என்று காத்திருந்தார். திங்கட்கிழமை வரச் சொல்லி அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மகள் கொதித்துப்போனாள். "டாக்டர் என்ன சொன்னார்? உணர்வு வர்ற வரைக்கும் வண்டி ஓட்டக் கூடாதுன்னாரா இல்லையா?"

"ஓட்டக் கூடாதுன்னுதானே சொன்னார்? நான் எங்க ஓட்டப் போறேன்? பக்கத்துலதானே உக்காரப் போறேன்."

"அத்தானுக்குக் கால் எதுக்கு?" என்றான் மைத்துனன். "அவர் போடற சத்தத்துக்கு வண்டி தானா நின்னுடும்."

அதற்கு மேல் பேச்சு வேண்டாம், எனக்கே தேர்வு வை என்றேன் மகளிடம். மைதானத்தின் கோடியில் ஒரு காலி டிரம். மகள் புதிதாகக் கற்பவள்போல அதை நோக்கி ஓட்ட வேண்டும். அவள் பிரேக்கைத் தொடக் கூடாது. நிறுத்துவது நான். மற்ற இருவரும் பின்னால் உட்கார்ந்து சாட்சி.

வண்டி கிளம்பியது. டிரம் நெருங்கி வந்தது. மனைவி கடவுளைக் கூப்பிடத் தொடங்கினாள். நான் மிதித்தேன். தொடை இறுகியது, முழங்கால் நீண்டது, எப்போதும்போல. பெல்ட் மார்பைப் பிடித்தது. டிரம்மைக் கையை நீட்டித் தொடலாம், அந்த அளவில் வண்டி நின்றது.

மைத்துனன் கைதட்டினான். "பாத்தியாக்கா? அத்தான்னா அத்தான்தான்!"

நான் கீழே பார்த்தேன். இரண்டு பிரேக்கும் ஒன்றோடொன்று இணைந்தவை, ஒன்று அமுங்கினால் மற்றதும் அமுங்கும். என் பக்கத்துப் பிரேக் அமுங்கித்தான் இருந்தது. அதன் மேல் கால் இல்லை. என் ஷூ அதற்குப் பக்கத்தில், தரைவிரிப்பைப் பலமாக மிதித்துக்கொண்டிருந்தது.

மகள் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு நிறுத்தினது?"

"நீங்கதாம்பா."

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

அவள் திரும்பவில்லை. பின்னால் கைதட்டல் நின்றது.

"போகட்டுங்க" என்றாள் மனைவி மெல்ல. "நமக்குள்ளயே இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா ஸ்கூலுக்குத்தானே கெட்ட பேரு?"

"நாங்க ஒண்ணும் பாக்கல அத்தான். இங்கயிருந்து உங்க கால் எங்க தெரியுது?"

"எனக்கே தெரியல. உனக்கு எப்படிடா தெரியும்?"

நான் மகளிடம் கேட்டேன். "திங்கக்கிழமை நீ இருக்கற இடத்துல அந்த அம்மா இருப்பாங்க. அவங்களுக்கு நிறுத்தத் தெரியாதுன்னுதான் நம்மகிட்ட வர்றாங்க. அப்ப யாரு நிறுத்துவா?"

"இன்னும் கொஞ்ச நாள்ல கால் சரியாயிடும்பா."

"ஆகட்டும். ஆனப்புறம் மறுபடி தேர்வு வை. இன்னைக்குத் தேறல."

இந்தச் சொல்லை எத்தனையோ பேரிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அவர்கள் அழுதிருக்கிறார்கள், என்னைத் திட்டியிருக்கிறார்கள். கேட்கிற இடத்தில் உட்கார்ந்து பார்த்தது அன்றுதான். கதவைத் திறந்தேன். வலது காலை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்தேன். மைத்துனன் ஓடிவந்து கை நீட்டினான். அவன் கையை விலக்கிவிட்டுக் கதவைப் பிடித்து எழுந்தேன்.

அலுவலக அறைக்குப் போய், வங்கி அம்மாவுக்கு நானே போன் செய்தேன். என் கால் இன்னும் தேறவில்லை, என் மகளிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்றேன். இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு விரல் மேலா கீழா என்று நாள்தோறும் தேடுகிறேன். சில நாள் பிடிபடுகிறது, சில நாள் இல்லை. மைதானத்தில் வண்டிச் சத்தம் கேட்டால் இன்னமும் உட்கார முடிவதில்லை.

ஸ்கூலைப் பிடித்துக்கொள்வதற்காக, நடக்க முடியாத அப்பாவை மகளே வண்டியிலிருந்து இறக்கிவிட்டாள் என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அவள் பிரேக்கில் கால் வைத்தது நான் அந்த இருக்கையில் இருக்க வேண்டும் என்பதற்காக. இறங்கியது நான்.