தொளதொளவுக்கு அர்த்தம்

உதட்டில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, தங்கைக்குப் போட்டிருந்த நீலக் கவுனின் விலாப்புறத்தில் குத்திக்கொண்டு வந்தாள் பெரியவள். ஒரு பக்கத்துக்கே உள்ளங்கை அகலத்துக்குத் துணி மிச்சம் வந்தது. போன வருடம் அவளே அளவெடுத்துத் தைத்தது. டேப் பொய் சொல்லவில்லை. உடம்புதான் சொன்ன சொல்லில் நிற்கவில்லை.

அண்ணன் கதவருகே வந்து நின்றான்.

“வண்டிக்காரங்க கீழ வந்துட்டாங்க. இன்னும் நேரமாகுமா?”

“ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தைக்கணும்.”

“முதுகுப் பக்கமா மடிச்சு ஊசி குத்திவிட்டா போதாதா? படுத்துத்தானே இருக்கா. யாரு பாக்கப் போறா?”

“அவ கண்டுபிடிச்சிடுவா.”

அண்ணன் கீழே இறங்கிப் போனான். எரிந்த கடை, நொறுங்கிய கார் இவற்றைப் பார்த்து நஷ்டத்தை மதிப்பிடுவது அவன் தொழில். இந்த அறையில் மட்டும் அவன் பார்வை எதிலும் நிலைகொள்ளவில்லை.

“தைக்கிறதுன்னா இப்பவே கழட்டிடலாம்மா,” என்றாள் எதிர்வீட்டு நர்ஸ். காலையில் ஓடிவந்து நாடி பார்த்து, இல்லை என்று தலையசைத்தவள் அவள்தான். “கொஞ்சம் போனா கை மடங்காது.”

இருவருமாகக் கவுனைக் கழற்றி, உடம்பின் மேல் போர்வையை இழுத்துவிட்டார்கள். பெரியவள் மெஷினில் உட்கார்ந்தாள். அடுத்தவர் பேன்ட்டுக்கு விளிம்பு மடிப்பதும், ஜிப் மாற்றுவதும் அவள் பிழைப்பு. சின்னவள் கண்ணாடிக் கடை வேலைக்குப் போக முடியாமல் படுத்தபோது, பேச்சுத்துணைக்கென்று கட்டிலை மெஷினுக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டார்கள். அங்கேதான் அந்த விளையாட்டு மறுபடி தலைதூக்கியது.

பள்ளிக்கூட நாளில் ஆரம்பித்த விளையாட்டு. ஒருத்தி ஒரு விநோதமான சொல்லைக் கொடுப்பாள். கொழகொழ, நசநச, இப்படி எதுவாவது. மற்றவள் அதற்கு அர்த்தம் சொல்ல வேண்டும். உண்மையான அர்த்தம் செல்லாது. கேட்டவள் சிரிக்க வேண்டும். சிரித்து முடிப்பதற்குள் ஒரு தடவை முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கவும் வேண்டும். இரண்டும் நடந்தால் கேட்டவள் டீ போட வேண்டும். நடக்காவிட்டால் சொன்னவள்.

“பிசுபிசுன்னா?” என்று கேட்டால் சின்னவள் யோசிக்கவே மாட்டாள். “கை குடுத்துட்டுப் போனவர் கையை இன்னும் எடுக்கலேன்னு அர்த்தம்.”

“சொரசொர?”

“கட்டிலுக்கு அடியில இருக்கிறது சவரம் பண்ணி நாளாச்சு.”

காய்ச்சலில் உடம்பு கொதித்த அன்றுகூட விடவில்லை. கணகண என்றால், உள்ளே யாரோ அடுப்பைப் பற்றவைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள் என்று அர்த்தமாம். பார்க்க வந்திருந்த அண்ணன் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டு, “கிறுக்குங்களா, நல்ல வார்த்தையே வாயில வராதா?” என்றான்.

இன்று காலை சின்னவள் தன் இரவுச் சட்டையின் கழுத்தை விரலால் தூக்கிக் காட்டி, “தொளதொள,” என்றாள். “சொல்லு.”

“துணியைக் காயப்போட்டுட்டு வந்து சொல்றேன்டி.”

“ஓடிப்போகப் பாக்கறே.”

“எங்க ஓடுவேன்? மொட்டைமாடிக்குத்தான்.”

பாதிக் கொடி நிறைவதற்குள் ஒரு நல்ல அர்த்தம் கிடைத்துவிட்டது. அதற்குத் தகுந்த முகத்தையும் தயார் செய்துகொண்டுதான் படியிறங்கினாள். அறைக்கு வந்தபோது சின்னவள் கதவுப் பக்கம் பார்த்தபடி கிடந்தாள். விரல் இன்னும் சட்டைக் கழுத்திலேயே இருந்தது. இத்தனை வருடத்தில் பெரியவள் ஒரு சொல்லைக்கூடப் பதிலில்லாமல் விட்டதில்லை.

மெஷின் ஓடி நின்றது. தையல் நேராக விழுந்திருந்தது. கவுனை மறுபடி மாட்டியபோது கச்சிதமாக உட்கார்ந்தது. “அப்படியே அளவெடுத்த மாதிரி,” என்றாள் நர்ஸ். பெரியவள் தோள் மடிப்பை நீவிவிட்டாள்.

வண்டிக்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்ததும், “ஒரு நிமிஷம்,” என்று சொல்லிக் குனிந்து, தங்கையின் காதோடு எதையோ சொன்னாள். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். அவர்கள் காத்திருந்தார்கள். பிறகு அவளே விலகி வழிவிட்டாள்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் மெஷின் முன்னால் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். சின்னவளின் கட்டிலுக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்தான். பெரியவள் நேரே சமையலறைப் பக்கம் நடந்தாள்.

“எங்க போறே? கொஞ்சம் உக்காரேன்.”

“டீ போடணும். என் முறை.”

அண்ணன் கைக்குட்டையை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

“அவ காதுல என்னமோ சொன்னியே.”

“உனக்குப் பிடிக்காது.”

“பரவால்ல, சொல்லு.”

பெரியவள் நிலையில் சாய்ந்துகொண்டாள்.

“தொளதொளன்னா, உள்ள இருந்த ஆள் எழுந்து போயாச்சு. சட்டைக்கு இன்னும் விஷயம் தெரியாது. நல்லா நிமிர்ந்து உக்காந்துகிட்டு, ‘என்ன, யாரும் எங்கிட்ட பேச மாட்டேங்கறீங்க’ன்னு பாத்துக்கிட்டே இருக்கும்.”

அண்ணனிடமிருந்து முதலில் மூக்கு வழியாகத்தான் சத்தம் வந்தது. அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தான். சிரிப்பு பாதியில் இருக்கும்போதே கழுத்து தானாகத் திரும்பியது. கட்டிலோரத்து நாற்காலியின் முதுகில் சின்னவளின் சாம்பல் நிற ஸ்வெட்டர், தோள் இரண்டையும் தூக்கியபடி, அறையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் சேர்த்து வைத்துவிட்டு எழுந்தான்.

“நீ உக்காரு,” என்று அவளைக் கடந்து உள்ளே போனான். அலமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின.

“சர்க்கரை டப்பாவை எங்க வச்சிருக்கீங்க?”

“மேல்தட்டுல.”

பெரியவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். மெஷின் ஊசியில் நீல நூல் கோத்தபடியே இருந்தது. உள்ளே லைட்டர் இரண்டு மூன்று தடவை சொடுக்கியது. பிறகு அடுப்பு பற்றியது.