நர்ஸ் கூப்பிடும் நேரம்

காலையில் அந்த போன் அடித்தால் போதும், டிரைவருக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லாருக்கும் அவர் இன்னும் டிரைவர்தான். போனில் வருவது மருத்துவமனை நர்ஸ். அவள் விசாரிப்பது இவரை இல்லை, இவர் மனைவியை. கட்டிக்கொண்ட நாளிலிருந்து இவரிடம் "ம்", "சரி" என்று அளந்து அளந்து பேசிய அந்த அம்மாள், திரையில் நர்ஸ் முகம் தெரிந்ததும் வாயெல்லாம் பல்லாக, "வாம்மா, சாப்பிட்டியா?" என்று ஆரம்பிப்பாள். அப்புறம் நிறுத்தினால்தானே!

முன்பெல்லாம் இப்படியா? மனைவிக்கு இதயம் பலவீனம். மாதம் ஒருமுறை டாக்டரிடம் போகவேண்டும். அந்த ஒரு நாள் டிரைவர் வைத்ததுதான் சட்டம். முந்தின நாளே பழைய காரைத் துடைத்து, டயரில் காற்று பார்த்து, மனைவியைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, குண்டு குழியில் இறங்காமல் ஓட்டிப் போவார். "எப்படி இருக்கீங்கம்மா?" என்று டாக்டர் கேட்டு வாய் மூடுவதற்குள், "நல்லா இருக்கா டாக்டர், தூக்கம்தான் கொஞ்சம் கம்மி" என்று இவர் பதில் சொல்லியிருப்பார். மனைவி கைப்பை வாரைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பிறகுதான் மருத்துவமனையிலிருந்து அந்தப் பெட்டி வந்தது. பிரஷர் பார்க்கக் கையில் கட்டும் பட்டை, எடை மெஷின், விரலில் மாட்டும் கிளிப். வீட்டிலேயே பார்க்கலாம், காட்டுகிற எண் தானாக மருத்துவமனைக்குப் போய்விடும். நர்ஸ் அங்கிருந்தே பார்த்துவிட்டுக் கூப்பிடுவாள்.

ஒருநாள் அவள், "அம்மா, எடை திடீர்னு ஏறியிருக்கே. படுத்தா மூச்சு முட்டுதா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. இவர் தூங்கினதும் எழுந்து உட்கார்ந்துக்குவேன். படுக்கவே முடியல."

உடம்பில் நீர் சேர்கிறது என்று டாக்டர் அன்றைக்கே மாத்திரையை மாற்றினார். ஒரு வாரத்தில் கால் வீக்கம் வடிந்து அவள் நிம்மதியாகத் தூங்கினாள். முன்பென்றால் மூச்சுத் திணறி, நாலு நாள் மருத்துவமனையில் படுத்துத்தான் தெளிந்திருப்பாள். டிரைவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டார் என்றும் சொல்லலாம், ஒரு அரை நாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"அந்தப் பொண்ணு கேட்டா, சொன்னேன்."

"ஏன், நான் கேட்க மாட்டேனா?"

"கேட்பீங்க. பதிலையும் நீங்களே சொல்லிடுவீங்க."

அன்றிலிருந்து டிரைவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே திரிந்தார். கூடவே வாழ்ந்தவனுக்குத் தெரியாதது எங்கேயோ உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தெரிகிறதாம்! போதாக்குறைக்கு நர்ஸ், "இந்த மாசம் நீங்க வரவே வேணாம்மா, எல்லாம் இங்கிருந்தே பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். கார் உறை போட்டபடியே வாசலில் நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. மெஷின் கன்னாபின்னாவென்று காட்டினால்? "இதை நம்ப முடியாது, நேரில் கூட்டிட்டு வாங்க" என்று அவர்களே சொல்லிவிடுவார்களே! மறுநாள் மனைவி குளிக்கப் போனதும், டிரைவர் மொட்டை மாடிக்கு விறுவிறுவென்று ஏறி இறங்கி, மூச்சு வாங்க உட்கார்ந்து, பட்டையைத் தன் கையில் கட்டிக்கொண்டார். எண் எகிறியது. சத்தமில்லாமல் கழற்றி வைத்துவிட்டு பேப்பர் படிக்க உட்கார்ந்தார். அடுத்த நாளும் அதே வேலை.

மூன்றாம் நாள் நர்ஸ் சிரிக்காமல் வந்தாள். கூடவே திரையில் டாக்டரும் இருந்தார்.

"அம்மா, ஒரு நேரம் எல்லாம் சரியா இருக்கு. ஒரு நேரம் பிரஷர் ஏறி, துடிப்பும் தாறுமாறா இருக்கு. இன்னிக்கே நேர்ல வாங்க. அதுக்கு முன்னாடி பிரஷர் மாத்திரை இன்னும் ஒண்ணு போட்டுக்கோங்க, இப்பவே" என்றார் டாக்டர்.

நேரில் வரச் சொல்லியாகிவிட்டது. டிரைவர் கை தானாகக் கார் சாவியைத் தேடியது. ஆனால் மனைவி மாத்திரைப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். போன வருஷம் இதே மாத்திரை கொஞ்சம் கூடிப்போய், அவள் குளியலறையில் மயங்கி விழுந்து நெற்றியில் தையல் போட்ட தழும்பு இவர் கண்ணுக்கு நேராக இருந்தது.

"போடாதே!" என்று கத்தினார். "அது உன் கை இல்ல. நான்தான் கட்டிக்கிட்டேன்."

மனைவி மாத்திரையைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள்.

"ஐயா, அப்ப அந்தத் துடிப்பு உங்களோடதா?" என்றார் டாக்டர்.

"மாடி ஏறி இறங்கினேன் டாக்டர். அதான்..."

"மாடி ஏறினா வேகமா துடிக்கும். இப்படி விட்டு விட்டுத் துடிக்காது. உங்களுக்கு மூச்சு வாங்குதா? படபடப்பு இருக்கா?"

அடுத்தவர் உடம்புக்கெல்லாம் பதில் வைத்திருந்த டிரைவர், தன் உடம்பு என்றதும் மனைவி முகத்தைப் பார்த்தார்.

"அவர் உங்களைத்தான் கேக்கறார். நீங்களே சொல்லுங்க" என்றாள் அவள்.

"சில நேரம்... வண்டி ரேஸ் ஆகி அணையற மாதிரி நெஞ்சுக்குள்ள ஒண்ணு வரும். பாதிப் படியில நின்னுடுவேன். ஆறேழு மாசமா."

"இன்னிக்கே வாங்க, இசிஜி எடுக்கணும். நீங்க வண்டி ஓட்டக் கூடாது, வாடகை வண்டி வெச்சுக்கோங்க" என்றார் டாக்டர். நர்ஸ் குறுக்கிட்டு, "ஐயா, கொஞ்ச நேரம் அமைதியா உட்கார்ந்துட்டு இன்னொரு தடவை கட்டி அனுப்புங்க. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றாள். குரலில் அத்தனை கரிசனம்.

போன் அணைந்தது. மனைவி பட்டையை எடுத்துவந்து, அவர் சட்டைக் கையை மடித்து, நன்றாக இழுத்துக் கட்டினாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள்.

நீ கேட்கலையே என்று சொல்ல வாயெடுத்தார்.

"பேசாதீங்க. பேசினா தப்பா காட்டும்." பொத்தானை அமுக்கினாள். பட்டை உப்பிக் கையைக் கவ்வியது. "நான் கேட்டேன். படியில நின்னப்பல்லாம் கேட்டேன். செருப்பு வாரு கழண்டுடுச்சுன்னீங்க. முட்டி வலின்னீங்க. அவ ஒரு தடவை கேட்டதும் அப்படியே கொட்டிட்டீங்க."

கேட்டது டாக்டர்தான், நர்ஸ் இல்லை. ஆனால் டிரைவர் அதைத் திருத்தப் போகவில்லை. மனைவியின் குரலில் இருந்தது என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும்; இத்தனை மாதமாக அவர் வயிற்றில்தானே குடியிருந்தது.

"இனிமே உங்களுக்கு எதுன்னாலும் முதல்ல எனக்குத் தெரியணும்" என்றாள். கண் நிறைந்திருந்தது. "அவளுக்கு அப்புறம்தான்."

டிரைவர் தலையை ஆட்டினார்.

"தலையையும் ஆட்டாதீங்க" என்றாள் மனைவி.